கால்வாசித் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. ‘ஐயா, அந்த மீன் செத்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை’ என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கை, பழக்கதோஷத்தில், ‘ஐயா’வை அடித்துவிட்டு ‘அவர்’ என்று மாற்றியது. ‘அந்த மீன்’ என்பதற்கு முன்னால் நிறம், நீளம், வயது எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. அரைமணி நேரத்தில் கடிதம் போய்க் கதை வந்துவிட்டது. கடிதம் என்றால் அனுப்ப வேண்டும். கதையை அனுப்ப வேண்டியதில்லை, அச்சில் வந்தால் போதும். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் கதை படிக்கிறவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு மீன் சாகும். மனிதர்கள் யாரும் சாக மாட்டார்கள். மீன் எப்படிச் செத்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை, நான்தான் கொன்றேன். அதைப் பாதிவழி வரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. கைவிட்டேன். அந்த அளவுக்கு வெட்கம் மிச்சம் இருக்கிறது. மீனைக் கொன்றதைவிட மோசமான காரியம் ஒன்றும் இருக்கிறது. அதை எழுதுவேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

2

தொடக்கங்கள்.

[அந்தப் பெரிய மீன் கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மனிதர்கள் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று அதற்குப்]

வேண்டாம். மீனின் மனதுக்குள் புகுந்துகொள்வது எழுத்தாளர்களின் சின்ன அயோக்கியத்தனம். மீன் என்ன நினைத்தது என்று எழுதிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியிருக்காது.

[மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் அந்த மனிதர் அன்று வழக்கத்தைவிட அவசரத்தில் இருந்தார். அந்த அவசரம்தான் பின்னால்]

இதில் முதல் வாக்கியம் உண்மை. அவர் அன்று அவசரத்தில்தான் இருந்தார். ‘அந்த அவசரம்தான்’ என்ற இடத்தில் பொய் உள்ளே வருகிறது. வாக்கியம் முடியவில்லை, ஆனால் அதற்குள் பழி எங்கே போய்ச் சேரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? இவ்வளவு சுலபமான வேலை இது.

[என் அண்ணன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.]

இது இருக்கட்டும். இதில் நான் இல்லை, அதனால் நம்பலாம்.

3

என் அண்ணன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷம் ஊரார் எல்லோரையும் மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, தான் மட்டும் தரைத்தளத்தில் குடியிருந்தார். காரணம், கூடத்தில் இருந்த ஆறடி மீன்தொட்டி. அவ்வளவு தண்ணீரின் எடையை மாடியில் வைக்க வீட்டுக்காரர் யாரும் சம்மதிக்கவில்லை.

தொட்டியில் ஒரே ஒரு மீன். கடைக்காரர்கள் ஆஸ்கர் என்பார்கள். ஓரடிக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம், கறுத்த உடம்பில் தணல் நிறத் திட்டுகள், கீழுதடு சற்று முன்தள்ளிய முகம். எப்போதும் யார் மேலோ குறைபட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். விரல் நீளத்தில் வந்து ஒன்பது வருஷம் வளர்ந்தது. அதன் பெயர் டேய். அண்ணன் பெயர் வைத்தார் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்று “டேய்” என்பார், அது வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வரும். சின்ன வயதிலிருந்து அவருக்கு நானும் டேய்தான். நான் அந்த வீட்டில் இருக்கும் நாட்களில் நாங்கள் இருவருமே திரும்பிப் பார்ப்போம். அநேகமாக அவர் மீனைத்தான் கூப்பிட்டிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. ஆஸ்பத்திரியில் பத்து நாள். பிறகு பயிற்சி நிலையத்தில் ஐந்து வாரம். அண்ணி அவரோடு அங்கேயே தங்கினார். வீட்டையும் மீனையும் பார்த்துக்கொள்ள நான் வந்தேன்.

பயிற்சி நிலையத்தில் பேச்சு சொல்லித்தருகிற பெண் படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். நாற்காலியைக் காட்டினால் “டேய்” என்றார். தண்ணீர்க் குவளையைக் காட்டினால் “டேய்.” அண்ணியைக் காட்டி இவங்க யாரு என்று கேட்டபோதும் அதேதான் வந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“இருபத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் என்னை டேய் போட்டதே இல்ல. இப்பத்தான் தைரியம் வந்திருக்கு.”

“யாரும்மா அந்த டேய்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வீட்ல ஒரு மீன் இருக்கு. அதைத்தான் அப்படிக் கூப்பிடுவாரு.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. வீட்டுக்குப் போனதும் தினமும் அதுக்கு முன்னாடியே உக்கார வைங்க. மிச்சமிருக்கிறது இந்த ஒரு வார்த்தைதான். இதைப் பிடிச்சுக்கிட்டுதான் மத்ததை வெளிய கொண்டுவரணும்.”

அண்ணி இதை அன்றே எனக்குப் போன் செய்து வரிக்கு வரி சொன்னார். ஆக, தொட்டியில் என்ன நீந்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது என்று சொல்ல முடியாது.

4

இப்போது தொட்டியைப் பராமரிக்கிற அவர் வர வேண்டும். இந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். நான் எழுத எழுத அவர் ரொம்ப நல்லவராகிக்கொண்டே போகிறார். குற்றவுணர்ச்சி உள்ளவன் எழுதினால் எதிரில் இருப்பவருக்குச் சிறகு முளைத்துவிடும். அதனால் ஒன்றிரண்டு குறையையும் சொல்லிவைக்கிறேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கூடத்துத் தரையில் தண்ணீரைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போய்விடுவார். அவர் மேல் எப்போதும் ஒரு பாசி வாடை இருக்கும்.

அண்ணி அவருக்கு வைத்த பெயர் கால்வாசி. பத்து நாளைக்கு ஒரு தடவை வருவார். வந்ததும் மீனைப் பார்க்க மாட்டார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, நாலு சொட்டு மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து இறக்குவார். முந்தின நாளே டிரம்மில் பிடித்துவைத்து, குளோரின் போக மருந்து கலந்து வைத்திருக்கும் தண்ணீரை அந்த இடத்துக்கு மெதுவாக ஊற்றுவார். வடிகட்டியில் மூன்று பஞ்சுகள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இறக்கிய பழைய தண்ணீரிலேயே அலசித் திரும்ப வைப்பார். அலசின பிறகும் அது பழுப்பாகத்தான் இருக்கும்.

அவருக்கும் அண்ணிக்கும் ஒன்பது வருஷமாக ஒரே சண்டை.

“முழுசா மாத்திடுங்களேன். ஒரேயடியா பளிச்சுனு இருக்கும்ல?”

“வேணாம் மேடம். அது குடியிருக்கிற தண்ணி. திடீர்னு மாத்தினா தாங்காது. கால்வாசி போதும்.”

“அந்தப் பஞ்சையாவது நல்லா குழாய்ல காட்டிக் கழுவுங்க. பார்த்தாலே குமட்டுது.”

“அந்த அழுக்குலதான் மேடம் உசுரு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நல்ல கிருமி. மீன் கழிக்கிறதை அதுதான் தின்னு தண்ணிய விஷமாக்காம வச்சிருக்கு. இவன் பெரிய உடம்பு, பெரிய வயிறு. இவன் கழிக்கிறதுக்கு அந்தக் கிருமி இல்லன்னா ரெண்டே நாள்ல முடிஞ்சுது. குழாய்த் தண்ணியக் காட்டினா குளோரின்ல அத்தனையும் செத்துடும்.”

“ஒரு பஞ்சைக் கழுவாம தப்பிக்க என்னென்ன கதை சொல்றாரு பாருங்க தம்பி” என்று அண்ணி என்னிடம் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னிடம் ஒருமுறை அவர் சொன்னார். “நான் மீன் பாக்குற ஆள் இல்ல சின்ன சார். தண்ணி பாக்குற ஆள். தண்ணி சரியா இருந்தா மீன் தன்னால இருக்கும்.” அண்ணன் பெரிய சார், நான் சின்ன சார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அண்ணன் பயிற்சி நிலையத்துக்குப் போன வாரம் அவர் வந்தார். வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம், மூன்று வாரமோ நான்கு வாரமோ ஆகலாம் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று மட்டும் இரண்டு பஞ்சுகளை அலசினார். “திரும்பி வர நாளாகும்ல, அதான் ரெண்டா பண்ணிட்டேன். ஒண்ணும் பண்ணாது” என்று அவராகவே சொல்லிக்கொண்டார். ஒரு தாளில் எனக்கு ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். பத்து நாளைக்கு ஒருமுறை கால்வாசி. டிரம்மில் ஒருநாள் வைத்து, மருந்து கலந்து. தீனி காலையில் ஒருமுறை, ஒன்பது உருண்டை. பஞ்சைத் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் போன் செய்யவும்.

(எழுத்தைத் தவிர எனக்கு ஒரு பிழைப்பு உண்டு. மிக்சி, கெய்சர், வாஷிங் மெஷின் இவற்றோடு வரும் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன். ‘பயன்படுத்தும் முன் வழிமுறைகளை முழுமையாகப் படிக்கவும்’ என்ற வாக்கியத்தை வாழ்க்கையில் நானூறு தடவையாவது எழுதியிருப்பேன். அந்தத் தாளை நான் இரண்டாவது வரி வரைதான் படித்தேன்.)

5

பிறகு ஐந்து வாரம் நான் தண்ணீர் மாற்றவில்லை.

காரணம் தேடிப் பார்த்தேன். உடம்பு சரியில்லாமல் போனதாக எழுதலாம். [அந்த வாரம் முழுக்க எனக்குக் காய்ச்சல்] இல்லை, காய்ச்சல் எல்லாம் இல்லை. எழுதிக்கொண்டிருந்தேன். யாருமே கவனிக்காத ஒரு தனிமனிதனைப் பற்றி ஒரு நீண்ட கதை. அதில் அவன் வீட்டுக்குள் கிடந்து வாடுவதை மிக நுட்பமாக விவரித்திருந்தேன். எழுதிய மேஜைக்கும் தொட்டிக்கும் நடுவே நாலு எட்டு இருக்கும்.

தண்ணீர் முதலில் மங்கியது, பிறகு டீத்தண்ணீர் நிறத்துக்குப் போனது. கண்ணாடியில் பழுப்பாக ஒரு வழுவழுப்பு ஏறியது. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன். தீனி மட்டும் மறக்கவில்லை. ஒன்பது உருண்டைக்குப் பதிலாக ஒரு கைப்பிடி போட்டேன், அதுவே பெரிய அன்பு என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது நன்றாகத் தின்றது. ஐந்து வாரமும், ஒருநாள் விடாமல், நான் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டவுடன் மேலே பாய்ந்து வந்து தின்றது. அலசின இரண்டு பஞ்சினால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் சோம்பேறித்தனத்தினால்கூட ஒன்றும் ஆகவில்லை. மெதுவாகக் கெட்டுப்போன தண்ணீருக்கு அது மெதுவாகப் பழகிக்கொண்டிருந்தது.

6

வியாழக்கிழமை காலை அண்ணி போன் செய்தார்.

“நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க தம்பி. வந்தவுடனே தொட்டியத்தான் பார்ப்பாரு. நல்லாத்தானே இருக்கு?”

“சூப்பரா இருக்கு அண்ணி.”

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நிறுத்தியிருந்தால், கால்வாசிக்குப் போன் செய்திருந்தால், மீன் இன்றும் இருந்திருக்கும். ஆனால் எனக்கு வெட்கம் வந்தால் சுறுசுறுப்பும் கூடவே வந்துவிடும்.

மீனைத் துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் மாற்றி மூடிவைத்தேன். ஆறடித் தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குளியலறைக்கு இறக்கினேன். கூழாங்கற்களை வாளி வாளியாக அள்ளிக் கழுவினேன். கண்ணாடியைத் தேய்த்தேன். மூன்று பஞ்சுகளையும் குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து, வெள்ளையாகும் வரை கழுவினேன். அதிலிருந்து அழுக்கு போகப் போக எனக்குள் ஏதோ தெளிவதுபோல இருந்தது. பிறகு ரப்பர் குழாயைக் குளியலறைக் குழாயில் மாட்டி நேரே தொட்டிக்குள் விட்டேன். மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அது தெளிவாக இருந்தது. மீனை உள்ளே விட்டேன். அது ஒரு மூலைக்குப் போய் நின்றுகொண்டது. புது இடம்போல இருக்கும், பழகிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும், மீன் செத்த பிறகு நிறையப் படித்தேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளைச் சுட்டுவிடும். ஐந்து வாரத்தில் தண்ணீரின் அமிலத்தன்மை ஏறிப் போயிருந்தது, புதுத் தண்ணீரோ அதற்கு நேரெதிர். அதன் சூடும் வேறு. கழிவைத் தின்கிற கிருமிகளை நானே பிழிந்து சாக்கடையில் விட்டிருந்தேன். இந்த நான்கில் எது கொன்றது என்று கேட்டால் நான்கும்தான். தண்ணீர் கெட்டுக் கிடந்த ஐந்து வாரம் உயிரோடு இருந்த மீன், நான் சுத்தம் செய்த இருபத்திநாலு மணி நேரத்தில் செத்தது.

7

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் சக்கர நாற்காலியில் வந்தார். மீன் அப்போது மேல்மட்டத்தில் ஒருக்களித்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாலின் ஓரம் சிவந்திருந்தது. உடம்பெங்கும் மெல்லிய ஒரு வெள்ளை.

“அட, தொட்டி என்னமா மின்னுது!” என்றார் அண்ணி. “கால்வாசி போறதுக்கு முன்னாடி நல்லாத்தான் பண்ணிட்டுப் போயிருக்காரு. நான்தான் அவரைப் போட்டுத் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டைக் கேட்டு வாங்குவானேன் என்று அடக்கமாக இருப்பதுபோல இருந்தேன். மறுநாள் அதே மௌனத்துக்கு வேறு வேலை வரும் என்று அப்போது தெரியாது.

அண்ணன் “டேய்” என்றார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. மீன் வர முயன்றது. வாலை ஒரு தடவை ஆட்டி, திசை தவறி, கண்ணாடியில் பக்கவாட்டில் மோதிக்கொண்டது. அண்ணனின் சிரிப்பு நின்றது. தொட்டியின் மூடியை இடது கையால் தள்ளினார். விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

[அவர் என்னைப் பார்த்த பார்வையில்]

[அந்தப் பார்வை என்னை]

விட்டுவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்தார், “டேய்” என்றார். அது என்னைத்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது வருஷம் தொட்டி வைத்திருந்தவருக்குக் குளோரின் வாடை தெரியாமல் இருக்காது.

மூன்று மணிக்கு மீன் அடியில் போய்ப் படுத்தது, எழவில்லை. அன்றைக்குப் பிறகு இரண்டு மாதமாக அண்ணன் அந்த ஒரு வார்த்தையையும் சொல்வதில்லை. பேச்சு சொல்லித்தருகிற பெண் வாரம் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து படங்களைக் காட்டுகிறாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன தடவை அவள் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

8

சனிக்கிழமை அண்ணி கால்வாசிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“போறப்ப என்னத்தைய்யா பண்ணிட்டுப் போனீங்க? பளபளன்னு ஆக்கிட்டுப் போனா ஆச்சா? அவரு கண்ணு முன்னாடியே செத்துது. இருந்த ஒரு வார்த்தையும் போச்சு. கேக்குதா உங்களுக்கு?”

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணி திரும்ப ஒருமுறை உரக்கச் சொன்னதிலிருந்து புரிந்தது. “ரெண்டு பஞ்சா? எப்பவும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் ரெண்டு?”

அவராகவேதான் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமலே தன்னிடம் இருந்த ஒரே குறையை எடுத்து நீட்டியிருக்கிறார். அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் ஒரு பெரிய தொட்டி, ஒரு வக்கீல் வீடு, ஒரு துணிக்கடை என்று ஒவ்வொன்றாக அவருக்குக் கதவு சாத்தியது.

அண்ணி மேல் உங்களுக்குக் கோபம் வரலாம். வர வேண்டாம். புருஷனின் கடைசி வார்த்தை போன துக்கத்தை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. சரியான இடம் எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பீர்கள். மீனைக் கொன்றவன் என்று பெயர் வாங்குவதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. அண்ணன் பேச்சைக் கெடுத்தவன் நான் என்று அந்த வீட்டில் ஒருவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. காரணம் அவ்வளவுதான்.

9

ஊரிலிருந்து திரும்பியதும் கால்வாசி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி கதவைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்தேன். அவர் கையில் அந்த நோட்டு இருந்தது.

“பேத்தி பொறந்திருக்கா சின்ன சார்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் போனப்புறம் அவன் நல்லா தின்னானா?”

“ஏன் கேக்குறீங்க?”

“ரெண்டு பஞ்சு கழுவினது தப்பாயிருந்தா மூணு நாலு நாள்லயே தீனியை விட்டிருப்பான். நல்லா தின்னான்னா என் மேல தப்பில்ல, வேற என்னமோ நடந்திருக்கு. அதைத் தெரிஞ்சுக்கணும். சண்டை போட வரல சார். எனக்கே தெரியணும், அவ்ளோதான். சாப்பாடு இறங்க மாட்டேங்குது.”

[நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மௌனத்தை அவர் தனக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டு படியிறங்கினார்.]

முதல் மூன்று பிரதிகளில் இந்தக் காட்சி இப்படித்தான் இருந்தது. படித்த நண்பர் ஒருவர், இந்த மௌனம் பிரமாதம் என்றார். மௌனம் பிரமாதமாகத்தான் இருக்கும். மௌனத்துக்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாம், அதில் பாதி எழுதியவனைக் காப்பாற்றும். ஆனால் அப்படி நடக்கவில்லை. நான் பதில் சொன்னேன்.

“கொஞ்சம் மந்தமாத்தான் இருந்துச்சு” என்றேன். பிறகு, “மூணாவது நாள்லேர்ந்தே” என்றேன்.

முதல் வாக்கியம் பயத்தில் வந்தது. இரண்டாவதை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள், குறிப்பாக ஒரு தகவல் சேர்த்தால் நம்புவார்கள் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. இத்தனை வருஷம் எழுதியதில் அவ்வளவு கச்சிதமாக ஒரு வாக்கியம் எனக்கு அமைந்ததில்லை.

அவர் நோட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதை எழுதிக்கொண்டார். மூணாவது நாள். மந்தம். பிறகு நோட்டை மூடிவிட்டு, “அப்ப நான்தான்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த மோசமான காரியம் இதுதான். எழுதிவிட்டேன். எழுதியதால் மனம் லேசாகும் என்பார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை.

10

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று. ஒருநாள் காலி தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன் திடீரென்று வாய் திறந்து “தண்ணி” என்கிறார். எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இதைப் பேச்சு சொல்லித்தருகிற பெண்ணிடம் கதைபோலச் சொல்லிப் பார்த்தேன். “அப்படில்லாம் வராது சார்” என்றாள். அவள் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டு அதை அடித்துவிட்டேன்.

இரண்டு. அண்ணி புது மீன் வாங்குகிறார். விரல் நீளம். அதைப் பார்த்துக்கொள்ளக் கால்வாசியையே மறுபடி கூப்பிடுகிறார், எல்லோரும் பழசை மறக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அண்ணி மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். அவரிடம் நோட்டு இருக்கிறது.

மூன்று. அவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். மூன்றாம் நாளே மந்தமான மீன் ஐந்து வாரம் எப்படி உயிரோடு இருந்தது என்று யோசிக்கிறார். உண்மை பிடிபடுகிறது. நேரே வந்து என் கன்னத்தில் ஒன்று விடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். இதை நினைத்தபடி எத்தனையோ தடவை கதவைத் திறந்திருக்கிறேன். ஆனால் அவருக்கு அந்தச் சந்தேகம் வராது. தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பார், சின்ன சாரைச் சோதித்துப் பார்க்கத் தோன்றாது.

11

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. இன்று காலை மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கால்வாசி.

“சின்ன சார், எழுதிக்கிட்டிருந்தீங்களா? தொந்தரவு பண்ணிட்டேனா?”

“இல்லங்க, சொல்லுங்க.”

“பல் ஆஸ்பத்திரில மறுபடி கூப்பிட்டாங்க. புதுசா வந்த ஆள் ரெண்டு மீனைக் கொன்னுட்டானாம். டாக்டரம்மாவே போன் பண்ணி, நடந்தது நடந்துபோச்சு நீங்களே வாங்கன்னாங்க. நான் வரலன்னுட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க.”

“போக வேண்டியதுதானே?”

“கைய உள்ள விடவே பயமா இருக்கு சார். ஒன்பது வருஷம் பாத்த உசுரையே என்னால... நாளான்னிக்கு ஒரு குடோன்ல சேரப் போறேன். அட்டைப்பெட்டி ஒட்டுற வேலை. அங்க எதுவும் உசுரோட இல்ல. நிம்மதி.”

அவர் தொடர்ந்தார்.

“எதுக்குக் கூப்பிட்டேன்னா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். மேடம் திட்டினாங்க, அது நியாயம்தான். தெரிஞ்சவங்கல்லாம் ஆளுக்கொரு பேச்சு பேசினாங்க. நீங்க மட்டும்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லல. பெரிய மனசு சார் உங்களுக்கு. அதை நான் மறக்க மாட்டேன்.”

“பரவாயில்ல, விடுங்க” என்றேன். “தெரியாம நடந்ததுதானே.”

இதைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நான் அவரை மன்னித்திருக்கிறேன்.

12

ஆக, நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: அஞ்சு வாரமும் நல்லா தின்னான். இதோ, எழுதிவிட்டேன். நாலே வார்த்தை. இதற்குப் பிறகு அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது தவிர வேறு கஷ்டம் இதில் இல்லை. இப்போது இது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்வது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு மரியாதை. இங்கே அது மரியாதை இல்லை, எனக்கு வேண்டியிருக்கிறது. நான் போன் செய்தேன் என்று நீங்கள் முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்தால் நீங்கள் நல்லவர். அதனால் நான் போன் செய்ததாக ஆகிவிடாது. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அந்த நாளைச் சாயங்காலம் எப்போதோ போயிருக்கும்.

மணி இப்போது காலை பத்தே முக்கால். அண்ணன் உள்ளே ஜன்னலோரம் இருக்கிறார். அண்ணி அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். போன் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது, அவர் எண் முதலிலேயே இருக்கிறது, ஒரு தடவை தொட்டால் போதும், அவர் உடனே எடுத்துவிடுவார். செய்யப் போகிறேன். மேலே, அந்தப் பஞ்சு கழுவும் இடத்தில், ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. அதைத் திருத்திவிட்டு